குண்டு ஏன் சிதறுகிறது?

கேள்வி: கனடாவில் மான் வேட்டைக்கு உரிமத்துடன் .308 ரைபிள் வைத்திருக்கிறேன். 100 கெஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்த குண்டுகள் இப்போது 5 அங்குலம் சிதறுகின்றன. குழல் தேய்ந்துவிட்டதா?

பதில்: அநேகமாக இல்லை. வேட்டைக்காரர் சுடும் அளவுக்கு .308 குழல் அவ்வளவு சீக்கிரம் தேயாது. தோட்டாவை அகற்றிவிட்டு முதலில் திருகுகளைப் பாருங்கள். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) அடித்தளம், வளையம், ஸ்டாக்கை (குழலைத் தாங்கும் கட்டை) பிணைக்கும் திருகு எதுவும் தளர்ந்திருக்கலாம். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) முறுக்குங்கள், கைக்கணக்கு வேண்டாம்.

மர ஸ்டாக் என்றால் ஈரத்தில் உப்பிக் குழலை ஒரு பக்கம் தள்ளும். குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து இழுங்கள். முன்பு தடையின்றி ஓடிய தாள் இப்போது சிக்கினால் கோளாறு அங்கேதான். சில ரைபிள்களில் ஸ்டாக்கின் முனையருகே வேண்டுமென்றே அழுத்தம் வைத்திருப்பார்கள், அதைச் சுரண்டிவிடாதீர்கள்.

குண்டுகள் குழலுக்குள் விட்டுச்செல்லும் செம்புக் கறைக்கான திரவத்தில் நனைத்த துணி, குழலுக்குள் போய் நீலமாக வெளிவந்தால், நிறம் மறையும்வரை துடையுங்கள். குழல் வாயில் வடு இருந்தால் துப்பாக்கிக் கம்மியரிடம்தான் போக வேண்டும்.

பிறகு குழலை ஆறவிட்டு ஆறவிட்டு, பழைய ரகத் தோட்டாவிலேயே 5 குண்டு சுடுங்கள். மணல்மூட்டையில் ஸ்டாக்கின் முன்பகுதி படியட்டும், குழல் படக்கூடாது. அப்போதும் சிதறினால், நம்பகமான வேறு ஸ்கோப்பை மாட்டிப் பாருங்கள்.