முதன்மை ஆசிரியரே கட்டுரை அனுப்பினால் யார் முடிவு செய்வது?

வணக்கம். உங்கள் ஆய்விதழின் முதன்மை ஆசிரியர் தன் கட்டுரையையே அனுப்பியிருக்கிறார், ஆசிரியர் குழுவில் இருக்கும் 18 பேரும் பெயருக்குத்தான், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டுரையை அவர் கையில் விடாதீர்கள். குழுவில் அந்தத் துறை தெரிந்த, அவருடைய கல்லூரியைச் சேராத ஒருவரைப் பொறுப்பாசிரியராகப் போடுங்கள். மதிப்பீட்டாளர் இருவரை அந்தப் பொறுப்பாசிரியரே தேர்ந்தெடுக்கட்டும். அந்த இருவரின் பெயர்கள் முதன்மை ஆசிரியருக்குத் தெரியவே கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான்: இதழின் பொது மின்னஞ்சல் கடவுச்சொல் முதன்மை ஆசிரியரிடமும் இருக்கும், மதிப்பீட்டு அறிக்கை நேராக அங்கேயே வந்து விழும். இந்தக் கட்டுரைக்கு மட்டும் அறிக்கைகள் பொறுப்பாசிரியரின் தனி முகவரிக்குப் போகட்டும். ஏற்கப்பட்டால், முடிவெடுத்ததில் முதன்மை ஆசிரியருக்குப் பங்கில்லை என்று கட்டுரையின் கடைசியில் ஒரு வரி அச்சிடுங்கள்.

பெயருக்கு இருக்கும் குழுவுக்கு வருவோம்: அதில் உள்ள ஒவ்வொருவரிடமும், குழுவில் இருக்க எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பதில் வராத பெயரை அடுத்த இதழிலேயே எடுத்துவிடுங்கள். கேட்காமல் பெயர் போடுவது போலி இதழ்களின் வழக்கம். ஐ.எஸ்.எஸ்.என். இருக்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள். அது இதழை அடையாளம் காட்டும் எண், தரச்சான்று அல்ல. சம்மதக் கடிதத்திலேயே வேலையைச் சொல்லிவிடுங்கள்: ஆண்டுக்கு இரண்டு மதிப்பீடு, முடிவை எதிர்த்து மேல்முறையீடு வந்தால் கருத்து, மூன்றாண்டுப் பதவிக்காலம். எட்டுப் பேர் மிஞ்சினாலும் உங்கள் இதழுக்குத் தாராளம்.