இளவயதில் கொழுப்பும் பக்கவாதமும்: வாசகர் கேள்விகள்

கே: வயது 29, ஒல்லியான உடம்பு, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 196. சாப்பாட்டில் கவனமாக இருந்தால் போதாதா?

ப: 190-ஐத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் போதாது. முதலில் தைராய்டு (டிஎஸ்எச்), சர்க்கரை, சிறுநீரில் புரதம் மூன்றையும் பாருங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தாலே எல்டிஎல் ஏறும். மாவுச்சத்தை அறவே ஒதுக்குகிற ஒல்லியானவர்கள் சிலருக்கும் ஏறும். இவையெல்லாம் இல்லையென்றால் பரம்பரைக் கொழுப்பு மிகையோ என்று சந்தேகிக்க வேண்டும். சுமார் 250 பேரில் ஒருவருக்கு அது உண்டு. எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து எடுக்கும் கல்லீரல் ஏற்பிகள் அவர்களுக்குச் சரியாக வேலை செய்வதில்லை. 29 வயது என்றால் 29 வருடமாக ரத்தக்குழாய்ச் சுவர் அந்தக் கொழுப்பைத் தாங்கியிருக்கிறது என்று பொருள். பக்கவாதத்தைவிட மாரடைப்புக்கே இதில் வாய்ப்பு அதிகம். குதிகாலுக்கு மேல் உள்ள தசைநாண் தடித்திருக்கிறதா, தந்தை வழியிலோ தாய் வழியிலோ சின்ன வயதில் மாரடைப்பு வந்ததா என்று மருத்துவர் கேட்பார். ஸ்டேட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை) தொடங்கினால் 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபரிசோதனை. உடன்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

கே: ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 460. எல்டிஎல் இடத்தில் வெறும் கோடு போட்டிருக்கிறார்கள். ஏன்?

ப: பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொழுப்பிலிருந்து ஹெச்டிஎல்லையும் (நல்ல கொழுப்பு), ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கிறார்கள். ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் இந்தக் கணக்கு பொய்க்கும். சில நாள் மதுவைத் தவிர்த்து, 12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து மறுபடி கொடுங்கள். அதுவரை மொத்தத்தில் ஹெச்டிஎல்லைக் கழித்து வரும் எண்ணைப் பாருங்கள். சாப்பிட்டிருந்தாலும் அது அதிகம் மாறாது.

கே: 34 வயது அண்ணனுக்குப் பக்கவாதம். கொழுப்பு நார்மல் என்கிறார்கள். எப்படி?

ப: இந்த வயதில் கொழுப்பு பல காரணங்களில் ஒன்று, அவ்வளவே. கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிதல் (திடீர்க் கழுத்துவலியோடு வரலாம்), இதயத்தில் மூடாத துளை, ரத்தம் உறையும் கோளாறு, புகை, யாரும் அளந்தே பார்க்காத ரத்த அழுத்தம் எல்லாம் வரிசையில் உண்டு. பெண்களில், கண்முன் மின்னல் கோடுகளோடு வரும் ஒற்றைத் தலைவலி இருந்து, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் புகையும் சேர்ந்தால் மோசம். அண்ணனுக்கு லிப்போபுரோட்டீன்-ஏ (எல்டிஎல் போன்ற ஒரு கொழுப்புத் துகள்) பார்த்தார்களா என்று கேளுங்கள். வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் அது வராது. பிறவியில் அமைவது என்பதால் பெரும்பாலும் ஒரு முறை பார்த்தாலே போதும். டெசிலிட்டருக்கு 50 மி.கி.க்கு மேல் இருந்தால் உங்களுக்கும் பார்க்க வேண்டும்.

கே: இடது கை பத்து நிமிடம் மரத்துச் சரியாகிவிட்டது. அடுத்த வாரம் கொழுப்புப் பார்த்தால் போதுமா?

ப: போதாது. இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இது தற்காலிகப் பக்கவாதமாக இருந்தால், முதல் 48 மணி நேரத்தில்தான் பெரிய தாக்குதலுக்கு வாய்ப்பு மிக அதிகம்.