அப்பாவோட பழைய வத்தை

கேள்வி: அப்பா ஓட்டுன பாய்மர வத்தை (பலகையில செஞ்ச மீன்பிடி படகு) தொண்டி கரையில நாலு வருஷமா சும்மா கெடக்கு. கையில 15 ஆயிரம்தான் இருக்கு, முதல்ல பெயிண்ட் அடிச்சிரவா?

பதில்: பெயிண்ட்ட கடைசியா வச்சுக்கங்க தம்பி. முதல்ல ஒரு ஸ்க்ரூ டிரைவர எடுத்து அடிப்பலகையில, முக்கியமா ஆணி அடிச்ச இடத்த சுத்தி குத்திப் பாருங்க, பொதபொதன்னு உள்ள எறங்குச்சுன்னா அது உளுத்த பலகை, அத மாத்தியே ஆகணும், காச அங்க போடுங்க. துருப்பிடிச்ச இரும்பு ஆணிதான் சுத்தியிருக்க மரத்தையும் கெடுக்கும், அதனால புதுசா அடிக்கிறது கால்வனைஸ் ஆணியா (துத்தநாகம் பூசுன ஆணி) இருக்கட்டும். காஞ்ச பலகை சுருங்கி இடுக்கு விட்டிருக்கும், அதுக்காக பஞ்ச ரொம்ப இறுக்கி அடைச்சிராதீங்க, தண்ணியில எறக்குனதும் மரம் ஊதி தானா நெருக்கும், ரெண்டு மூணு நாள் கரையோரமா மெதக்க விட்டு தண்ணிய எறைச்சுக்கிட்டே பாருங்க. பாய்க்கு பழைய துணி போதும், ஆனா கயிறு மட்டும் புதுசு வாங்குங்க.