தரையை நெருங்கிய விமானம் மீண்டும் மேலேறியது ஏன்?

வணக்கம். சென்னையில் மழைக்கிடையே இறங்கிய உங்கள் விமானம், ஓடுதளம் கண்ணில் பட்ட பிறகு பேரிரைச்சலுடன் மேலேறியதையும், வெகுநேரம் அறிவிப்பே வராததையும் எழுதி, மயிரிழையில் உயிர் தப்பினோமா, தாயாருடன் செல்லவிருக்கும் அடுத்த பயணத்தை ரத்து செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயணிகள் விமானம் ஓட்டுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் விவரிப்பது 'கோ-அரவுண்ட்', அதாவது இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலேறுவது; ஒவ்வொரு முறை இறங்குவதற்கு முன்பும் விமானிகள் நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொள்ளும் நடைமுறை அது.

பொதுவாக 1000 அடி உயரத்துக்கு வருவதற்குள் வேகம், இறங்கும் வீதம், ஃப்ளாப் (இறக்கையில் நீட்டி மடக்கக்கூடிய பகுதி), சக்கரங்கள் எல்லாம் சரியாக அமைந்துவிட வேண்டும். அமையாவிட்டாலோ, காற்று திடீரென மாறினாலோ, முன்னால் இறங்கிய விமானம் ஓடுதளத்தை விட்டு விலகாவிட்டாலோ, துணை விமானிகூட 'கோ-அரவுண்ட்' என்று குரல் கொடுக்கலாம். உடனே இன்ஜின் விசையைக் கூட்டி, மூக்கை உயர்த்தி, ஃப்ளாப்பை ஒரு படி குறைத்து, விமானம் ஏறுவது உறுதியானதும் சக்கரங்களை உள்ளிழுப்போம். நீங்கள் கேட்ட இரைச்சலும் தடதடப்பும் இவைதான். அதன்பின் உயரம், திசை, கட்டுப்பாட்டு அறையுடன் பேச்சு என வேலை அடுக்கடுக்காக வரும். பயணிகளிடம் பேசுவது கடைசியில்தான். உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது, ஆனால் அந்த வரிசையை மாற்ற இயலாது.

அஞ்ச வேண்டியது இறங்கியே தீருவது என்ற பிடிவாதத்தைத்தான். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் பின்காற்றோடு வந்த விமானம் ஓடுதளத்தின் ஏறக்குறைய பாதித் தூரத்தில் தரைதொட்டது; துணை விமானி 'கோ-அரவுண்ட்' என்று சொல்லியும் மேலேறவில்லை என்று விசாரணை அறிக்கை கூறுகிறது. 21 பேர் இறந்தார்கள்.

தாயாருடன் செல்லும் பயணத்தை ரத்து செய்யாதீர்கள். இறக்கையை ஒட்டிய இருக்கைகளைக் கேளுங்கள். அங்கே குலுக்கல் குறைவாக உணரப்படும்.