பனையும் தாளிப்பனையும் ஒரே மரமா? தாளிப்பனையில் நுங்கு கிடைக்குமா?

இரண்டும் ஒரே மரமல்ல. தாளிப்பனையில் நுங்கும் கிடையாது. திருச்செந்தூர்ப் பக்கத்துப் பனங்காட்டில் வளர்ந்த நானே, பாலக்காட்டுப் பக்கம் முதன்முதலில் தாளிப்பனையைக் கண்டபோது, "இங்கே நுங்கு எப்போது வெட்டுவீர்கள்?" என்று கேட்டுச் சிரிப்புக்கு ஆளானேன். அங்கே அதற்குக் குடப்பனை என்று பெயர்; மலையாளத்தில் 'குட' என்றால் குடை. (கூந்தற்பனை என்றும் சிலர் சொல்வார்கள், அப்பெயர் வேறொரு மரத்துக்கும் வழங்குவதால் குழப்பமே மிஞ்சும்.) தாவரவியலில் இரண்டும் ஒரே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும், பனை பொராசஸ் பேரினத்திலும் தாளிப்பனை கோரிஃபா பேரினத்திலும் அடங்கும்.

இரண்டுக்கும் விசிறி ஓலைதான், அளவில்தான் வேறுபாடு. பனையோலை விரிந்தால் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் அகலம் இருக்கும். தாளியோலையோ ஐந்து மீட்டர் வரை விரியும். இலங்கையின் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயக் கடலோடி இராபர்ட் நாக்ஸ், ஓர் ஓலை பதினைந்து இருபது பேரை மழையில் நனையாமல் காக்கும் என்று 1681-இல் வெளியான தம் நூலில் எழுதினார். அது சற்று மிகைதான் என்றாலும், குடப்பனை என்ற பெயர் வந்த காரணம் விளங்கும். சுவடிகளைக் கையாண்டவர்களுக்கு இந்த வேறுபாடு விரல் நுனியிலேயே தெரியும்: தாளியோலை அகலமாகவும் மெல்லியதாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும், பனையோலை குறுகலாகவும் தடிப்பாகவும் இருக்கும். சிங்களச் சுவடிகள் பெரும்பாலும் தாளியோலையில் எழுதப்பட்டவை. தமிழ்ச் சுவடிகளில் பனையோலையே மிகுதி.

இவற்றையெல்லாம் விடப் பெரிய வேறுபாடு பூப்பதில் இருக்கிறது. பனையில் ஆண், பெண் மரங்கள் தனித்தனி. ஆண்பனையை அலகுப்பனை என்றும் பெண்பனையைப் பருவப்பனை என்றும் சொல்வோம். இரண்டிலும் ஆண்டுதோறும் பாளை வருவதால், சீவிப் பதனீர் இறக்கலாம். நுங்கு பெண்பனையில் மட்டுமே. தாளிப்பனையோ முப்பது முதல் எண்பது ஆண்டுகள் வரை பூக்காமல் மாவுச்சத்தைத் தண்டில் சேர்த்து வைத்து, ஒரே ஒரு முறை, உச்சியில் ஆறு முதல் எட்டு மீட்டர் உயரக் கிளைத்த பூங்கொத்தாக அதை வெளியிடுகிறது. தாவர உலகில் இதைவிடப் பெரிய கிளைத்த பூங்கொத்து இல்லை. இலட்சக்கணக்கான பூக்கள், ஒவ்வொன்றும் இருபால் பூ. காய் எலுமிச்சையை ஒத்த சிறு உருண்டை; உள்ளே ஒற்றை விதை, பொத்தான் கடையும் அளவுக்குக் கெட்டி.

காய் முதிர ஏறத்தாழ ஓராண்டு ஆகும். அதற்குள் ஓலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கி, மரம் பட்டுப்போகும். உங்கள் பகுதியில் அப்படி ஒன்றைக் கண்டால் நோய் என்று மருந்து தேட வேண்டாம். அடியில் உதிர்ந்த விதைகளைப் பொறுக்கி நட்டுவிடுங்கள்.