மெனு திறக்கல, படம் நம்பர் நம்பரா படிக்குது!

கேள்வி: எங்க சேலைக் கடை வெப்சைட்ல மெனுவே திறக்கல, படம்னா ஏதோ நம்பர் படிக்குதுன்னு பார்வையில்லாத கஸ்டமர் ஒருத்தர் போன் பண்ணாரு. என்ன சார் பண்றது?
- வாசகர், ஈரோடு

பதில்: அந்த நம்பர் உங்க போட்டோவோட ஃபைல் பேரா இருக்கும்ங்க. ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்துல என்ன இருக்குன்னு கோடிங்ல எழுதுற சின்ன விளக்கம் இல்லேன்னா, திரையில இருக்கறதை வாசிச்சுச் சொல்ற ஸ்கிரீன் ரீடர் சாஃப்ட்வேர் பல நேரம் அதைத்தான் வாசிக்கும், பாவம் அதுக்கு வேற என்ன தெரியும். "மஞ்சள் காட்டன் சேலை, அரக்கு பார்டர்"னு எழுதுங்க, "சேலை படம்"னு வேணாம், படம்ங்கிறதை அதுவே சொல்லிடும். அலங்காரத்துக்கு வச்ச பூ, கோடுக்கெல்லாம் ஆல்ட்டை காலியா விடுங்க, ஆனா ஆல்ட்டையே தூக்கிடாதீங்க, ரெண்டும் வேற வேற.

மெனுதான் பெரிய தலைவலி. மவுஸை மேல வச்சா மட்டும் விரியுற மாதிரி செஞ்சிருப்பாங்க, கீபோர்டுல வர்றவரு எதை வைப்பாரு? வெப்சைட் செஞ்சவர்கிட்ட அதை நிஜ பட்டனா மாத்தி, ஏரியா-எக்ஸ்பாண்டட் (aria-expanded)ங்கிற குறிப்பைக் கோடிங்ல சேர்க்கச் சொல்லுங்க, அப்பத்தான் திறந்திருக்கா மூடியிருக்கான்னு காதுல விழும். பக்கத்தோட மொழி தமிழ்னு கோடிங்ல குறிச்சிருக்கான்னும் பாருங்க.

என்விடிஏ (NVDA)ங்கிற ஸ்கிரீன் ரீடர் இலவசம்தான், 2006ல ஆஸ்திரேலியாவுல பார்வையில்லாத ஒருத்தரே ஆரம்பிச்சது. அதைப் போட்டு, மானிட்டரை அணைச்சிட்டு, மவுஸைத் தொடாம கீபோர்டை மட்டும் வச்சு உங்க கடையில நீங்களே ஒரு சேலை வாங்கிப் பாருங்களேன்.