பதில் சொல்ல ஒருவர் வேண்டும்

இந்த இதழுக்குக் காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மனக்குறையைப் பேசுகின்றன. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களும் அரசின் கணினித் திட்டங்களும் வீட்டுக்குள் வந்துவிட்டன. தவறு நேர்ந்தால் மட்டும் கேட்பதற்கு ஆள் இல்லை. நான்கு கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறை நடத்துகிறேன். வெளியூர் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் சமூக ஊடகப் பக்கம் ஒன்றின் வழியாகத்தான் வந்தார்கள். அந்தப் பக்கத்தை 'விதிமீறல்' என்று ஒரே வரியில் சொல்லி முடக்கிவிட்டார்கள். எந்த விதி என்று கேட்டால் தானியங்கிப் பதில்தான் வருகிறது. யாரிடம் போய்ச் சொல்வது?

பதில்: என் தந்தை தேவகோட்டையில் ஒரு நகரத்தார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். வட்டிக் கணக்கில் சந்தேகம் என்று யாராவது வந்து நின்றால், முகப்பில் இருந்த சாய்வு மேசையின் மேல் பேரேட்டைத் திறந்து, அதை வந்தவர் பக்கமாகத் திருப்பி வைத்து, வரி வரியாக விரலை ஓட்டிக் காட்டுவார். வந்தவர் தலையசைக்கும் வரை ஏட்டை மூடமாட்டார். கணக்கு சரியா தவறா என்பது அப்புறம். கேட்டவருக்குக் காட்டியாக வேண்டும் என்பதில் அந்த வீட்டில் இரண்டாவது பேச்சே கிடையாது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் அங்கிருந்துதான் வந்தது. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து நீங்கள் அனுப்பும் கல்லில் ஒரு மூலை உடைந்திருந்தால், வாங்கியவர் உங்கள் வாசலுக்கே வந்து கேட்கலாம். உங்கள் பிழைப்பின் ஒரு பாதியைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அப்படி ஒரு வாசல் இல்லை என்றால், அதை வசதிக்குறைவு என்று சொல்லி விட்டுவிட முடியாது, அது அநியாயம்.

சட்டப்படி ஒரு வாசல் இருக்கத்தான் வேண்டும். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு சமூக ஊடக நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவரது பெயரையும் தொடர்பு வழியையும் தன் தளத்தில் வெளியிட வேண்டும். புகாரைப் பெற்றதாக 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும் என்றும், 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் அந்த விதிகள் வந்தபோது வகுத்தன. நீங்கள் பொத்தானை அழுத்தி அனுப்பிய மேல்முறையீடு அந்த அலுவலரைச் சேர்ந்திருக்காது. அவருக்கென்று தனியே எழுதுங்கள். முடக்கிய நாள், திரையில் வந்த வாசகத்தின் படம், பட்டறையின் பதிவுச் சான்று ஆகியவற்றை இணைத்து, எந்த விதி மீறப்பட்டது என்பதை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, 2023 ஜனவரியில் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையவழியே 30 நாளுக்குள் முறையிடலாம். வழக்கறிஞர் தேவையில்லை. இப்படி ஒரு குழு இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அதை ஊர் ஊராகச் சொல்லியிருக்க வேண்டிய அரசு சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

இன்னொன்று. பழைய வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்த நிறுவனங்களுக்குக் கோடிக்கணக்கில் அபராதம் என்று செய்தி வருகிறது. அதனால் தேவகோட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் எனக்கு என்ன லாபம்?

பதில்: நேரடியாக ஒன்றுமில்லை. 2022 அக்டோபரில், கைபேசிகளை இயக்கும் ஆண்ட்ராய்டு மென்பொருள் தொடர்பாக, சந்தையில் நியாயமான போட்டியைக் காக்க வேண்டிய இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தொகையை உறுதிசெய்தபோதே, ஆணையம் இட்ட கட்டளைகளில் சிலவற்றை நீக்கிவிட்டது. வாட்ஸ்அப்பின் 2021ஆம் ஆண்டுத் தனியுரிமைக் கொள்கை, ஒப்புக்கொள் அல்லது வெளியேறு என்று மக்களை நெருக்கியது. அதற்காக வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் வந்தது 2024 நவம்பரில்தான். அந்த ஆண்டில் மெட்டாவின் வருவாய் 16,000 கோடி டாலருக்கு மேல். கணக்குப்பிள்ளை மகன் என்பதால் வகுத்துப் பார்த்தேன். அந்த அபராதம் அவர்களுடைய ஒன்றரை மணி நேர வருவாய்க்கும் சற்றுக் குறைவு.

உங்கள் கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையைப் பாருங்கள். யுபிஐ பரிவர்த்தனைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு போன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகள் வழியே நடக்கிறது. எந்தச் செயலியும் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2020இலேயே அறிவிக்கப்பட்டது; அதை நடைமுறைப்படுத்தும் கெடு மீண்டும் மீண்டும் தள்ளி, 2026 டிசம்பர் இறுதி வரை கொண்டுபோய் விடப்பட்டிருக்கிறது. உங்கள் கடை வரி கட்டத் தவறினால் இத்தனை தவணை கிடைக்குமா என்று நீங்கள் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது.

கேள்வி: கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் அப்பத்தா ஐம்பது வருஷமாகக் கொட்டான் என்ற பனையோலைக் கூடை முடைபவர். ரேஷன் கடைக் கருவியில் அவருடைய ரேகை விழவில்லை. இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினார். "நான் உயிரோட இல்லைனு மெஷினு சொல்லுது" என்கிறார்.

பதில்: பனையோலையின் விளிம்பு எப்படி இருக்கும் என்று முடைந்தவர்களுக்குத் தெரியும். ஓலையை வகிர்ந்து, நனைத்து, கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் அழுத்தி இழுத்தே கொட்டானின் மூலைகள் படிகின்றன. அந்த இரு விரல்களிலும் ரேகை தேய்ந்துபோவது உழைப்பின் அடையாளம். சிமெண்டில் கை வைக்கும் பூக்கல் தொழிலாளிக்கும், கொத்தனாருக்கும், நாற்று நடுபவருக்கும் இதே நிலைதான். அதிகம் உழைத்தவரையே முதலில் வெளியே நிறுத்தும் ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்தது மனிதர்கள் எடுத்த முடிவு. ஆகவே கருவியைக் குறைசொல்லிவிட்டு அவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ரேகை விழாவிட்டால் கருவிழிப் பதிவு வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்கு வர இயலாத முதியவர், தமக்குப் பதிலாகப் பொருள் வாங்க ஒருவரை நியமிக்கும் அங்கீகாரச் சான்று தமிழகத்தில் உண்டு. வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேளுங்கள். முதியோர், மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கே பொருளைக் கொண்டுவரும் தாயுமானவர் திட்டத்தை மாநில அரசு 2025 ஆகஸ்டில் தொடங்கியது. அப்பத்தா அதில் சேரத் தகுதி உண்டா என்றும் விசாரியுங்கள். மீண்டும் ஒருமுறை திருப்பி அனுப்பினால், மறுத்த தேதியையும் காரணத்தையும் எழுதித் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள், அரிசியைக் கொடுத்துவிடுவார்கள். அப்பத்தாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: காரைக்குடியில் கல்லூரி மாணவி நான். மக்கள் எவ்வளவு எதிர்த்தாலும் அரசு கேட்கப் போகிறதா? தனிநபர் தரவுச் சட்டம் நம்மைக் காக்குமா?

பதில்: சில சமயம் கேட்கிறது. கைபேசித் திருட்டையும் மோசடியையும் தடுக்க என்று அரசு உருவாக்கிய சஞ்சார் சாத்தி செயலியைப் புதிய கைபேசிகள் அனைத்திலும் முன்கூட்டியே ஏற்றி விற்க வேண்டும் என்ற உத்தரவு 2025 நவம்பர் இறுதியில் வந்தது; எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களிலேயே, டிசம்பர் 3 அன்று, அதைத் திரும்பப் பெற்றார்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை என் மனம் இன்னும் ஆறவில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார்கள். சட்டம் 2023இல் நிறைவேறியது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகளுக்கு அதன்பிறகும் 18 மாத அவகாசம். அரசு தான் விரும்பும் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ளவும் சட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம் மட்டும் ஒரு நாளும் காத்திருக்காமல் அந்த நவம்பரிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. 'தனிநபர் தகவல்' என்று சொல்லி இனி ஓர் அலுவலகம் உங்கள் மனுவை முன்னைவிட எளிதாக மறுக்கலாம். ஆனாலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் விலக்குப் பெற்ற தகவலையும் தரலாம் என்பது அது. அடுத்த முறை மனு எழுதும்போது அந்தப் பிரிவின் எண்ணையும், கேட்கும் தகவலில் உள்ள பொதுநலன் என்ன என்பதையும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.